ஏழாம் பாடம் எந்த வகுப்பில்

ஐயா,

ஒரு நல்ல ஆண்டுத் திட்டம் போட நீளமான மேசை ஒன்று இருந்தால் போதும். நான்கு வகுப்புகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஒன்பதாம் வகுப்பில் உள்ளே வரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் வெளியே போகும் வரை எதை எப்போது படிக்கும் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் அப்படி ஒரு மேசை இருக்கிறது. பதினாறு ஆண்டுகளாகச் சமூக அறிவியலுக்கு அதில் நான்தான் திட்டம் போடுகிறேன். என் அட்டவணைகளில் அடித்தல் திருத்தல் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் உண்டு. "சுருக்கமாச் சொன்னா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவார் என்பதால் அவருக்குச் 'சுருக்கம்' என்றே பெயர். அவர் சொல்வார்: "சார் போட்ட கட்டத்துல கடவுளே வந்து நின்னாலும் ஆறாவது பீரியட்தான் கிடைக்கும்." நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

விசாரணையில் நீங்கள் பத்தாம் வகுப்பு டீச்சரைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஏழாம் பாடத்தை அவர் ஏன் நடத்தவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லத்தான் ஆசை. ஆனால் ஏழாம் பாடம் என்ன என்பதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அது அச்சுப் புத்தகத்தில் இல்லாத பாடம். எனக்கு முன் துறைத் தலைவராக இருந்தவர் எங்கள் ஊருக்கென்றே எழுதிச் சேர்த்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க வரைபடத்தோடு ஊருக்குள் நடப்பார்கள். பழைய வெள்ளத்தில் தண்ணீர் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை நின்றது என்று குறிப்பார்கள். அணையில் அபாயச் சங்கு ஊதினால் எங்கே ஓட வேண்டும் என்பதைக் காலாலேயே கற்றுக்கொள்வார்கள். புதிதாக வருகிற யாருக்கும் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்றுதான் தோன்றும், அக்கரை மேடாகத் தெரியும். ஆனால் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய வாய்க்கால் வழியாகத் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். ஓட வேண்டிய வழி வேறு: லாரி ஷெட்டுக்குப் பின்னால் புகுந்து கல்குவாரிப் பாதையில் ஏற வேண்டும். கடைத்தெருவிலிருந்து நூற்றிருபது அடி எடுத்து வைத்தால் லாரி ஷெட். இதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள்.

அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டின் நகல் இருக்கும். அந்த வெள்ளத்தில் அறுபத்து மூன்று பேர் போனார்கள். மதகைத் திறக்கப்போகிறோம் என்று காவல் அறைக்குப் போன் வந்தும் நாற்பது நிமிடம் சங்கு ஊதப்படவில்லை என்று அதில் இருக்கும். செய்திக்கு மேலே ஒரு படம். சங்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒல்லியான ஆள், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நிற்பார். கீழே 'தற்காலிகக் காவலர்' என்று மட்டும் போட்டிருக்கும்.

அது நான்தான் ஐயா.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் வரை மூன்று மாதம் மதகுக் காவலுக்குப் போனேன். அந்த வாரம் இரண்டு முறை போன் வந்து, இரண்டு முறையும் நான் சங்கை ஊதி, இரண்டு முறையும் தண்ணீர் வராமல், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது போன் மதியம் வந்தபோது பயிற்சிப் பள்ளிக்கான விண்ணப்பத்தை நல்ல எழுத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய தபாலில் சேர்க்க வேண்டும். முடித்துவிட்டு ஊதலாம் என்று நினைத்தேன். முடித்தேன், ஊதினேன். விண்ணப்பத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதில்தான் எனக்கு இடம் கிடைத்தது.

அதன்பின் அந்தப் பாடத்தை நானே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்தப் படத்தை என் கையாலேயே வரிசை வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "இந்த ஆளு இப்ப எங்க சார் இருக்காரு?" என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்பார்கள். "எங்கயாவது இருப்பாரு, பக்கத்தைத் திருப்பு" என்பேன். எனக்குத் தொந்தி விழுந்து, முடி போய், கண்ணாடி வந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

தெரியக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். என் மகள். என் கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்று வீட்டில் இருந்தது. அதே கட்டம் போட்ட சட்டை, அதே பாதி திரும்பிய முகம். அதை அவள் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். "அப்பா, நீங்க இவ்ளோ ஒல்லியா இருந்தீங்கன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்று தோழிகளைக் கூட்டிவந்து காட்டுவாள்.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, திட்டம் போடும் கூட்டத்தில் ஏழாம் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றலாம் என்றேன். ஒன்பதில் பிள்ளைகளுக்கு வரைபடம் சரியாகப் பிடிபடவில்லை என்று காரணம் சொன்னேன். பொய்யில்லை. சில பிள்ளைகளுக்குப் பிடிபடாதுதான்.

பத்தாம் வகுப்பு டீச்சர் தலை நிமிர்ந்து கேட்டார். "இப்ப பத்துல இருக்கற பசங்க போன வருஷமே இதை நடந்துட்டாங்களே சார். மறுபடியும் நடக்கவிடணுமா?"

"வேண்டாம் டீச்சர். அடுத்த வருஷத்துலேர்ந்து பார்த்துக்கலாம்."

"சுருக்கமாச் சொன்னா, இந்த வருஷம் யாருக்கும் வெயில்ல அலைச்சல் இல்ல" என்றார் சுருக்கம். எல்லோரும் சிரித்தோம். அந்த ஆண்டு யாரும் நடத்தவில்லை.

அடுத்த ஆண்டு பாடத்தை மறுபடி ஒன்பதுக்கே இறக்கினேன். புதிதாக வந்த ஒன்பதாம் வகுப்பு முழுக்க நடந்தது. பத்தாம் வகுப்பு அட்டவணையிலும் அந்த வரி அப்படியே இருந்தது, நான் எடுக்கவில்லை. ஒருநாள் மாடிப்படியில் டீச்சர் கேட்டார். "சார், ஏழாம் பாடம் என் தாள்லயும் இருக்கே. நான் எடுக்கணுமா?"

"ஒன்பதுலயே முடிச்சாச்சு டீச்சர். உங்களுக்குப் போர்ஷன் வேற மிச்சம் இருக்கு."

"அப்பாடா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். நான் சொன்னது உண்மைதான். ஒன்பதில் முடித்திருந்தார்கள். வேறு பிள்ளைகள்.

பாடத்தை ஒரு வகுப்பு ஏற்றி மறு ஆண்டு இறக்கினால், சரியாக ஒரு பேட்ச் பிள்ளைகள் மட்டும் அதைப் படிக்காமல் போவார்கள். திட்டம் போடுகிற எவருக்கும் இந்த ஓட்டை தெரியும். அது விழாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. என் மகளின் பேட்சில் முப்பத்தெட்டுப் பேர்.

அந்தப் படத்தை மட்டும் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்கலாம். நகல் எடுக்கும்போது கடைசித் தாளை விட்டுவிட்டிருந்தால் போதும். திட்டம் போடுகிறவனுக்குப் பாடம்தான் கண்ணில் படும், பக்கம் படாது. இந்த யோசனை எனக்கு வந்தது, அந்த முப்பத்தெட்டில் ஒன்பது பேரைப் பள்ளி மைதானத்தில் வரிசையாகக் கிடத்திய பிறகு.

அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது வெள்ளம் வந்தது. விடுமுறை நாள், கடைகள் அடைத்திருந்தன. கடைத்தெரு மாடியில் டியூஷன். முப்பத்தெட்டில் இருபத்திரண்டு பேர் அங்கே இருந்தார்கள். மகள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள், கொடுக்கப் போனேன். படிக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தும்போது சங்கு ஊதியது. பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். டியூஷன் மாஸ்டர் வெளியூர்க்காரர். "எல்லாரும் பாலத்துக்கு ஓடுங்க" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் ஓடினார். என் மகளும் அவர்கள் பின்னால் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "இந்தப் பக்கம்" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

முதல் விசாரணையில், சங்குச் சத்தத்தில் நான் கூப்பிட்டது பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது என்று எழுதிக்கொடுத்தேன். அதைத் திருத்த வேண்டும். எங்கள் சங்கு மூன்று நிமிடம் ஊதும், ஒரு நிமிடம் நிற்கும். அப்போது அது நின்றிருந்தது. தெருவில் அவர்கள் செருப்புச் சத்தம்தான் கேட்டது. யாரோ ஒருவன், "டேய், என் நோட்டு மேலயே இருக்குடா" என்று சிரித்துக்கொண்டே ஓடினான். நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், குவாரி மேலே நின்றுகொண்டு, இது எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்று யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்குள் அவ்வளவும் தோன்றியது. எனக்கே வியப்பாக இருக்கிறது.

குவாரி மேட்டில் ஏற்கனவே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், தம்பி தங்கைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளம் நிறைவதை மேலேயிருந்து பார்த்தோம். பாலத்துக்கு ஓடிய பிள்ளைகளில் ஒன்பது பேர் அதில் போனார்கள். மகள் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு எப்படிப்பா வழி தெரிஞ்சுது?"

"சோஷியல் வாத்தியாருக்குத் தெரியாதாம்மா?"

"இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லித்தரல?"

"பத்தாவதுல இருந்துச்சேம்மா. டீச்சர் நடத்தலையா?"

இவ்வளவுதான் சொன்னேன். டீச்சரைப் பற்றி வேறு யாரிடமும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகள்தான் பெற்றோர்களிடம் சொன்னாள். பெற்றோர்கள் உங்களிடம் சொன்னார்கள். நீங்கள் தாளை வாங்கிப் பார்த்தீர்கள், அதில் ஏழாம் பாடம் அழகாக, பத்தாம் வகுப்புக் கட்டத்துக்குள், என் கையெழுத்தில் இருந்தது.

டீச்சரை வேலையிலிருந்து நிறுத்திவைத்த அன்று அவர் என் மேசைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார். "நீங்க படிக்கட்டுல வேண்டாம்னு சொன்ன மாதிரி எனக்கு ஒரு நெனப்பு சார். இல்ல, நானாவே நெனச்சுக்கிட்டேனா? உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"எனக்கு ஞாபகம் இல்லையே டீச்சர்."

"அப்ப நான்தான்" என்றார். "நான்தான் சார். ஒன்பது பசங்க." என் மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. என் அட்டவணைகளில் தவறு இருக்காது என்று ஊருக்கே தெரியும்.

அந்த ஒன்பது பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் மேசையில் தாள்களை விரித்தால், ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ஒரு விரற்கடை வெள்ளை விழுகிறது. எப்படி நெருக்கிவைத்தாலும் விழுகிறது. அதில் செருப்புச் சத்தம் கேட்கிறது. பகலில்தான், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான். இப்போதெல்லாம் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். ஒட்டிய இடத்திலும் கேட்கிறது.

ஆகவே ஐயா, ஏழாம் பாடம் நடத்தப்படாமல் போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. டீச்சர் குற்றமற்றவர். இதை எந்த நெருக்கடியும் இல்லாமல், முழு மனதோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

ஒரு சிறு விளக்கம். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது இது நான்காவது முறை. உங்கள் விசாரணை தொடங்கிய வாரமே முதல் பிரதி தயார். அப்போது மகளுக்குப் பொதுத்தேர்வு. தோழிகளை இழந்த பெண், அந்த நேரத்தில் இது அவளுக்குத் தெரியவருவது முறையில்லை என்று தேர்வு முடிந்த பிறகான ஒரு தேதிக்குத் தள்ளினேன். பிறகு கல்லூரியில் சேரும் நேரம் வந்தது. பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு முறையும் தகுந்த காரணம் இருந்தது, நீங்கள் கேட்டால் தேதிவாரியாகத் தருவேன்.

போன மாதம் பத்தாம் வகுப்பு டீச்சர் இறந்துவிட்டார். தூக்க மாத்திரை என்கிறார்கள். பள்ளியிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். வாசலில் நாலு நாற்காலி போட்டிருந்தது, மூன்று காலி. அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான் சார். எப்படி விட்டேன், எப்படி விட்டேன்னு. நீங்களாவது வந்தீங்களே" என்றார். மகளைக் கூப்பிட்டேன், அவள் வர மறுத்துவிட்டாள். அந்தம்மா முகத்தில் விழிக்க முடியாது என்றாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

இப்போது இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறவர் என்று யாரும் இல்லை. மகளுக்கு இது கல்லூரியில் கடைசி ஆண்டு. இதை அனுப்ப, அது முடிந்த பிறகான ஒரு தேதியைக் கீழே குறித்திருக்கிறேன்.