எட்டுக்குப் பத்து அங்குல அட்டை

2024 ஒக்டோபர் 14, திங்கள்

போன மாதம் ரொறன்ரோவுக்கு அனுப்பிய பொதியில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையைப் போட மறந்துவிட்டேன். இன்று காலைதான் தெரிந்தது. உள்ளிருந்த காமிக்ஸ் புத்தகத்தில் இலேசாகப் பூஞ்சண மணம் அடிக்கிறதாம். இது என்னுடைய பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

மாலை எழுத்து வகுப்பில் மேனுகா மிஸ் எங்களுக்குத் தந்த வேலை இது. “நாளுக்கு ஒரு பிழை, அது ஏன் நடந்தது, நாளைக்கு என்ன செய்யப்போறியள். மூண்டையும் எழுதுங்கோ. சும்மா வடிவா எழுதிக்கொண்டு வந்தா எனக்கு விளங்கும்.” மற்றவர்கள் நேரம் பிந்தி எழும்பியதைப் பற்றி நாலு வரி எழுதுகிறார்கள். நான் ‘ஏன்’ என்பதை முழுதாக எழுதப் பார்க்கிறேன். சரியாகச் செய்தேனா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

பகலில் கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. போட்டோக் கொப்பி, ஸ்கான், லமினேற். என் சொந்தத் தொழில் பழைய தமிழ் காமிக்ஸ். கொழும்பிலும் மலையகத்திலும் தேடி வாங்கி, வெளிநாட்டில் சேகரிப்பவர்களுக்குத் தபாலில் அனுப்புவேன். வன்னியில் வாங்க ஒன்றும் இல்லை. இங்குள்ள சனத்துக்குத் தாளைப் பாதுகாக்கத் தெரியாது. காணி உறுதியை எட்டாக மடித்து, சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். மடிப்பில் கிழிந்த பிறகு லமினேற் பண்ணினால் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். கேட்டால் இடப்பெயர்வு என்பார்கள். நானும்தான் இடம்பெயர்ந்தேன். ஒன்பது வயது. அம்மா, அல்பம் இருந்த பையைத் தூக்கினா. என் பன்னிரண்டு காமிக்ஸும் பங்கருக்குள் கிடந்தன. அதைப் பற்றி நான் ஒருபோதும் கதைத்ததில்லை.

தபாலில் போகும் காமிக்ஸில் முதலில் அடிபடுவது முனை. முனை மடிந்தால் சேகரிப்பவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். முதற் பொதிக்குப் பிஸ்கற் பெட்டி அட்டை வைத்தேன். மடிந்து போய்ச் சேர்ந்தது. அடுத்ததற்குக் கலண்டர் அட்டை. அது ஈரத்தை உறிஞ்சி வளைந்தது. நல்ல அட்டை வளையக்கூடாது, நனையக்கூடாது, நாலு பக்கமும் புத்தகத்துக்கு வெளியே அரை அங்குலம் நிற்க வேண்டும். அடி விழுந்தால் அட்டைக்குத்தான் விழும்.

அப்போதுதான் விமலேஸ்வரி அம்மா ஒரு படம் கொண்டுவந்தா. மகன் நிருஷனுடையது. 2009இல் காணாமற்போனவன். மற்றத் தாய்மாரோடு வீதியோரப் போராட்டக் கொட்டகையில் இருந்து, ஏழு வருடமாக அந்தப் படத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறா. எட்டுக்குப் பத்து அங்குல ஸ்ரூடியோப் படம். தடித்த தாள், அதன் மேல் தடித்த லமினேற். ஒரு ஓரம் திறந்திருந்தது. அடைத்துத் தரச் சொன்னா.

நான் அவசரப்படவில்லை. அடிமட்டம் வைத்து அளந்தேன். என் புத்தகம் ஏழுக்கு ஒன்பது.

படத்தை ஸ்கான் பண்ணி, வெயிலில் மங்கிய முகத்தைத் திருத்தி, புதுத் தாளில் எடுத்து லமினேற் பண்ணினேன். பழையதைவிடத் துலக்கமாக இருந்தது. பழையதைப் புத்தகத்தின் முன்பக்கத்தில் வைத்தேன். பின்பக்கத்துக்கு, ஒருவரும் எடுக்க வராத ஒரு கலியாணப் படம். இவ்வளவு காலம் ஒரு படத்தை வெயிலில் காயவிட்டவவுக்கு மூலமும் கொப்பியும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அந்த நினைப்புச் சரிவரவில்லை. பொதியை அது பாதிக்காதபடியால் பிழையாகப் பதியவில்லை.

அவா வாங்கியதும் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தா.

“தம்பி, இது வேற படமெல்லோ?”

“அதேதான் அம்மா. துப்புரவாக்கித் தந்திருக்கு.”

“பின்னாலை அவன்ர எழுத்து இருந்தது.”

“சூட்டுக்கு அழிஞ்சிருக்கும்.”

“பேனை எழுத்து சூட்டுக்கு அழியுமோ? ஆண்டியப்பன் அண்ணையும் உறுதியை உங்களிட்டைத்தானே குடுத்தவர். அதிலை ஒரு எழுத்தும் போகேல்லை.” லமினேற் மெஷினைத் திரும்பிப் பார்த்தா. “ஆளைப் பாத்துத்தான் திண்ணுது போலை. நல்ல வளர்ப்பு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்ன எழுதியிருந்தது என்று மரியாதையாகக் கேட்டேன். பார்க்காமலே சொன்னா: “அம்மா, சிரிக்கேல்லை எண்டு கோவிக்காதேங்கோ. அடுத்த படத்திலை சிரிப்பன்.” பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டதாம். அவன் கைபட எழுதியதில் மிஞ்சியது அந்த ஒரு வரிதானாம்.

“அவ்வளவுதானே அம்மா. பேனை இருக்கு, நான் எழுதித் தாறன்” என்றேன்.

அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா. உதவி செய்யப் போனால் இங்கே இப்படித்தான். எங்கள் தொழிலில் கையெழுத்து விழுந்த புத்தகம் தரத்தில் ஒரு படி இறங்கிவிடும். எவனோ ஒருவன் முதற் பக்கத்தில் பெயர் எழுதினால், அழித்தாலும் தடம் தெரியும். இந்தச் சனம் அப்படிப்பட்ட அழுக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வரும் வழியில் இறங்கி, “லாச்சியை ஒருக்கா வடிவாப் பாருங்கோ தம்பி” என்பா. நானும் மேசை லாச்சியை இழுத்துக் காட்டுவேன். பொதி அப்போது கடலுக்கு அப்பால்.

இன்று காலை, புத்தகம் வாங்கிய அப்புத்துரை அண்ணை ரொறன்ரோவிலிருந்து எழுதியிருந்தார். “தம்பி, புத்தகம் இப்பதான் அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு. ஒரு முனை மடியேல்லை. கொஞ்சம் பூஞ்சண மணம், பரவாயில்லை. உள்ளுக்கை ஒரு பெடியன்ர படம் வந்திருக்கு. பின்னாலை தாய்க்கு எழுதியிருக்கிறான். ஆர்ர பிள்ளை? நான் திருப்பி அனுப்பிறன், செலவு என்ர.”

முதலில் மணத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். பிறகு படத்தைப் பற்றி அரை மணித்தியாலம் யோசித்தேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறவன் அல்ல நான். படம் திரும்பி வந்தால் அம்மாவிடம் கொடுக்க வேண்டிவரும். கொடுத்தால், சூட்டுக்கு அழிந்தது என்று நான் சொன்னது பொய்யாகிவிடும். கடைக்கு வருகிறவர்கள் என்னை நம்பித்தான் தங்கள் தாள்களைத் தருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

“கேக்க ஆளில்லாத படம் அண்ணை. அட்டைக்கு வைச்சது. வீசிவிடுங்கோ” என்று பதில் போட்டேன்.

பின்னேரம் வகுப்புக்குப் போகமுன், வீசிவிட்டாரா என்று அவரிடம் இன்னொரு தரம் கேட்டேன். வழக்கம் அப்படி. “மனம் கேக்கேல்லைத் தம்பி. கேக்க ஆளில்லை எண்டு நீர் சொன்னபடியாத்தான் குப்பையிலை போட்டனான். காலமை குப்பை லொறி கொண்டுபோட்டுது” என்று வந்தது. மனம் ஆறுதலாக இருந்தது. மணத்துக்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

நாளைய வேலை: ஈரம் உறிஞ்சும் பைகள் பத்து வாங்குவது. புதன்கிழமை பிரான்சுக்குப் போகும் பொதிக்குள் இரண்டை மறக்காமல் வைப்பது. அதற்கு அட்டையும் வேண்டும். காணாமற்போன தமையனின் படத்தை ஓரம் அடைக்க என்று வினோஜா அக்கா இன்று தந்துவிட்டுப் போயிருக்கிறா. அளந்து பார்த்தேன், எட்டுக்குப் பத்து. இந்த முறை பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ண வேண்டும்.