கிரீடத்துக்குப் பக்கத்து எண்

மத்தியானம் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. கம்ப்யூட்டர் விளையாட்டு பழகியதற்கு வேறு காரணம் கிடையாது.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். எங்கள் ஜீப் டிரைவர் கர்ணனை ஸ்டேஷனில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். என் வீட்டில் வேலை பார்த்தவன் செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போனால் இழுக்கு எங்கள் குடும்பத்துக்கு. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

விளையாட்டிலிருந்தே சொல்கிறேன். என் மகன் மகிழன் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் போட்டுக் கொடுத்தது. பழைய காலத்து ராஜ்ஜியம். ஒரு சின்னக் கோட்டையும் சில ஊர்களுமாகத் தொடங்கும். வாய்க்கால் வெட்ட வேண்டும், வரி போட வேண்டும், பக்கத்து ஊர்களைச் சேர்க்க வேண்டும், சேர்ந்தவர்கள் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திராட்சைத் தோட்டத்தையும் குலதெய்வக் கோயிலையும் கட்டி ஆண்டவனுக்கு அது சிரமமாக இல்லை. இரண்டு பக்கமும் மலை இருந்த ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தேன். ராஜாவுக்கு என் பெயரையே வைத்தேன், சுந்தரலிங்கம். இளவரசிக்கு என் மகள் பெயர், முத்துலட்சுமி. என் ராஜ்ஜியம் மலைக்கு அந்தப் பக்கமும் பரவியது.

திரையின் உச்சியில் ஒரு கிரீடப் படம். அதற்குப் பக்கத்தில் ஓர் எண். அது என்னவென்று மகிழனிடம் கேட்டேன். அவன் ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருந்தான். "மானம் மரியாதை மாதிரி ஏதோ ஒண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். மானம் என்றே நான் வைத்துக்கொண்டேன். அது ஏறினால் சிற்றரசர்கள் தாமாக வந்து வணங்குவார்கள். இறங்கினால் முதுகுக்குப் பின்னால் கூடிப் பேசுவார்கள். வெளியில் நம் மானத்தை அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே எண்ணாகவே பார்க்கலாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

முத்துலட்சுமி தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினாள். லீவு நாளில் வந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேலி செய்வாள்.

"ராசா, குடிசனங்களுக்கு வரியக் குறைச்சீகளா இல்லையா?"

"ராசாகிட்ட இப்படிப் பேசுனா தலை போயிரும்."

"போகட்டும். ரெண்டு நாளா தலைவலி உசுர வாங்குது."

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு நாள்தான், திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "போடியில ஏலக்கா மண்டி வச்சிருக்காகள்ல, அவுக மகன் விஜய்ராஜ். நாங்க கட்டிக்கிறதா இருக்கோம்ப்பா."

"அவுக சர்ச்சுக்குப் போறவுக."

"என்னையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவாகன்னு பயமா? ஞாயித்துக்கெழம நான் எப்ப எந்திரிச்சிருக்கேன்?"

எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டு என்று எண்ணுவோம். வெளியே கட்டிக்கொண்டவர்களை எண்ணுவதில்லை. பல வீட்டுப் பெண்களை எண்ணக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னவன் நான். அதை அவளுக்கு நினைவூட்டினேன்.

"கோயில்ல எண்ணாட்டி என்னப்பா. நீங்க எண்ணுவீகள்ல" என்றாள்.

நான் திரையில் அடுத்த ஊரைச் சேர்த்தேன்.

அந்த வாரம் விளையாட்டிலும் இளவரசி ஒரு வணிகன் மகனை விரும்பினாள். மந்திரி வந்து, இளவரசி போகப்போகிற ரதத்தின் அச்சு விரிசல் விட்டிருக்கிறது என்றான். கீழே இரண்டு கட்டங்கள். அவளிடம் சொல், பேசாமல் இரு. முதல் தடவை சொன்னேன். அவள் பிழைத்தாள், அவனையே கட்டினாள். கிரீடத்துப் பக்கத்து எண் சரிந்தது. சிற்றரசர்கள் கோட்டையைச் சூழ்ந்தார்கள். அத்தனை நாளாகச் சேர்த்த ராஜ்ஜியம் ஒரே மத்தியானத்தில் போயிற்று.

சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய், இரண்டாவது கட்டத்தைத் தொட்டேன். இளவரசியின் சாவுக்கு எல்லாச் சிற்றரசர்களும் வந்தார்கள். எண் ஏறியது. தெரிந்தும் பேசாமல் இருப்பதில் மானக்குறைவு இல்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பிறகு கர்ணன் வந்து, ஜீப்பில் பிரேக் பிடிக்கவில்லை என்றான். "மெட்டு மலை ரோட்டுல ஏறுனா எறங்க முடியாதுய்யா. மெக்கானிக் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுத்துறாதீக" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இதுதான் அவனுடைய வாக்குமூலமாக இருந்திருக்க வேண்டும். என் முகத்துக்காக அவன் அதை உங்களிடம் சொல்லவில்லை.

சாவியை ஆணியில் மாட்டினேன். சாவி இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மறுநாள் காலையில் முத்துலட்சுமி அதை எடுத்தாள். கம்பம் மெட்டு ஏறிப் போய் விஜய்ராஜ் வீட்டாரின் எஸ்டேட்டைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாகச் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி, "வண்டி நல்லா இருக்குல்லப்பா?" என்று கேட்டாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் சற்று நேரம் நின்றாள். நான் கோபத்தில் பேசாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் மேலேயிருந்து போன் செய்தாள். "சாப்பிட்டீகளாப்பா? இங்கன ஒரே மூடுபனியா இருக்கு" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டுத்தான் இருந்தேன். அதற்குப் பிறகும் அவள் வெகுநேரம் மேலேதான் இருந்தாள். போன் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் அன்று வடக்கே ஒரு கோட்டையைப் பிடித்தேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள்.

சாவுக்குப் பள்ளத்தாக்கே வந்தது. ஆண்டிபட்டியில் பேச்சுவார்த்தை விட்டுப்போன பங்காளிகள்கூட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் தள்ளி வைக்க வேண்டியிருக்கவில்லை. கோயிலில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

காரியம் முடிந்து விளையாட்டைத் திறந்தேன். ஒரு கட்டம் வந்தது. உன் மகள் வாசலில் நிற்கிறாள், வண்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள். கீழே இரண்டு கட்டங்கள். பதில் சொல், பேசாமல் இரு. பேசாமல் இரு என்பதைத் தொட்டேன். கட்டம் போய்த் திரும்பி வந்தது. எத்தனை தடவை தொட்டாலும் வருகிறது. மகிழனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"எங்கப்பா? இங்கன வெறும் மேப்புதான் இருக்கு."

அவன் தோளுக்கு மேலே அந்தக் கட்டம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கிரீடத்தைக் காட்டி, மானம் இப்போது எவ்வளவு என்று கேட்டேன்.

"மானமா? இதுல அப்படி ஒண்ணும் கிடையாதுப்பா. உங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும்னு காட்டுற நம்பர் இது. நல்லது செஞ்சாலும் ஏறும், கெட்டது செஞ்சாலும் ஏறும்."

கர்ணனை இன்றே அனுப்பிவிடுங்கள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன், நீங்கள் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. தெரிந்துதான் இருந்தேன், தெரிந்துதான் அனுப்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள். மகள் வாசலில் நின்று கேட்டபோது, வண்டி நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் பேசியதில்லை.