படத்தில் இருந்த கிணறு

பழைய காகிதத்துக்கு வெயில் ஆகாது. அதனால்தான் அந்தப் படத்தைக் கூடத்தின் இருட்டான சுவரில் மாட்டினேன், இன்ஸ்பெக்டர் ஐயா. படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். செம்புத் தகட்டில் செதுக்கி எந்தக் காலத்திலோ அச்சடித்த படம் அது. நம் ஊரேதான். துறைமுகம், பாய்மரக் கப்பல்கள், கடலோர மேட்டில் டச்சுக்காரர் விட்டுப்போன தூண்கள், இடிந்த வளைவுகள். ஒரு வளைவின் அடியில் கிணறு. ஒரு பெண் தண்ணீர் இறைக்கிறாள். இன்று அங்கே வெறும் புதர்தான். புதருக்குள் கிணறு அப்படியே இருப்பதை நான் போய்ப் பார்த்து வைத்திருந்தேன்.

என் மனைவியின் தம்பி ஓவிய வாத்தியார். விடுமுறைக்கு வந்தவன், வந்ததும் படத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல பையன். சாப்பிடும்போது அக்காவின் முழங்கையைப் பார்த்தான். பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கதவில் இடித்துக்கொண்டதாக அவள் சொன்னாள். நானும் அதையே சொன்னேன். குடும்பம் நடத்துகிறவன் சில சமயம் கை நீட்ட வேண்டித்தான் வரும். வெளியாளுக்கு அது புரியாது.

மறுநாள் காலையில் அவன் சொன்னான்: “அக்காவ என்னோட கூட்டிட்டுப் போறேன் அத்தான். இனி அவ இங்க வரமாட்டா.”

நான் கோபப்படவில்லை. அவள் போய்விட்டால் வீடு வீடாக இருக்காதே என்றுதான் யோசித்தேன். புறப்படும் முன் அந்தக் கிணற்றைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். ஆசையை அவனால் மறைக்க முடியவில்லை.

தள்ளினேனா என்று கேட்டீர்கள். அவன் விளிம்பில் குனிந்து உள்சுவரின் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் கை வைத்தேன். அதிகம் அழுத்தக்கூட இல்லை.

உள்ளே தண்ணீர் வற்றிப்போயிருந்தது. “அத்தான், கால் உடைஞ்சிருச்சு. கயிறு ஏதாவது கொண்டு வாங்க,” என்றான். நான் தள்ளியிருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு வெள்ளை மனசு. அவன் கூப்பிடக் கூப்பிட, பக்கத்தில் கிடந்த பலகைக்கல்லை நெம்பி நெம்பி நகர்த்தினேன்.

தம்பி கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். அவள் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

நேற்று மேட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். அவன் விழுந்ததும் சாகவில்லை, பல நாள் உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். சாயங்காலமானால் குழந்தைகள் ஓடியாடுகிற இடம் ஐயா அது. யாராவது தவறி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் மூடினேன்.