எந்த ‘நாம்’?

தலைமை ஏற்று, தலை நிமிர்ந்து, கைக்கடிகாரத்தை மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் சுந்தரராஜன் அவர்களே! தூறலில் நனைந்த சைக்கிளை வாசலில் சாத்திவிட்டுத் துடிப்போடு வந்து அமர்ந்திருக்கும் எர்லாங்கன் நகரத்துப் பெரியோர்களே! மியூனிக்கிலிருந்து ரயிலேறி, அந்த ரயில் தாமதமாகியும் தளராமல் வந்த தோழர்களே! ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கொண்டைக்கடலைச் சுண்டலுமாக வந்திருக்கும் தாய்மார்களே! கடல் கடந்து, கண்டம் கடந்து, முன்வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் சிரித்துக்கொண்டிருக்கும் சிறப்பு விருந்தினர் டெல்மா பினேசி அவர்களே! அனைவருக்கும் இந்தக் கிரிஜாவின் அன்பு வணக்கம்.

பகலில் நான் காது கேட்கும் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். நாளெல்லாம் காதோடு பிழைப்பவளுக்கு மாலையில் ஒரு மைக் கிடைத்தால் என்ன ஆகும்? தலைவர் ஐயா, கடிகாரத்தைப் பையில் போட்டுவிடுங்கள்.

யார் இந்த டெல்மா? கனடாவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஆதிக்குடி மக்களான அனிஷினாபே இனத்தின் மகள். தாய்மொழி பேசினாள் என்பதற்காக இவருடைய அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள். அடி வாங்கிய அந்த மொழியை மகள் எங்கே கொண்டுபோய் வைத்தார்? பெட்டியில் வைத்தாரா? பெருமூச்சில் வைத்தாரா? வானொலியில் வைத்தார், தாய்மார்களே, வானொலியில் வைத்தார்!

ஏரிக்கரை ஊரின் சின்ன நிலையத்தில் வானிலை வாசிக்கும் வேலை. ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும் என்பது மேலாளர் கட்டளை. ஒரு குளிர்காலக் காலையில் ஏரியின் பனிக்கட்டி மெலிந்துவிட்டது. அதன்மேல் நடந்து மீன்பிடிக்கப் போகிறவர்களில் பலருக்கு ஆங்கில எச்சரிக்கை எந்தக் காதில் ஏறும்? இன்று ஏரிக்குப் போகாதீர்கள் என்று டெல்மா தம் மொழியில் சொன்னார். மேலாளர் பாய்ந்து வந்து, இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று கத்தினார். கத்தி முடிக்குமுன் தொலைபேசி அடித்தது. வைத்தார், மறுபடி அடித்தது. ஊரே கூப்பிட்டது. எதற்கு? இன்னொரு தடவை சொல்லச் சொல்லி! ஒலிபரப்பாளர் டெல்மா பிறந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஏரிக்கரைக்கு ஓர் ஆலை வந்தது. மீன்கள் செத்து மிதந்தன. மைக் பிடித்த கை கேமராவையும் பிடித்தது. இன்னொரு கழிவுக் குழாய்க்கு அனுமதி கேட்டு நடந்த பொது விசாரணையில் ஆலை அதிகாரி எழுந்து, தேன் ஒழுகப் பேசினார். ஆங்கிலத்தில் மூச்சுக்கு மூச்சு ‘வீ’ என்றார். ‘வீ’ எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். கேமராவுக்குப் பின்னாலிருந்து டெல்மா கேட்டார்.

“ஐயா, எங்கள் மொழியில் இந்தச் சொல் இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, வெளியே நிறுத்துவது ஒன்று. லாபத்தைப் பங்கு போடும்போது நீங்கள் சொல்வது எது? விஷத்தைக் குடிக்கும்போது சொல்வது எது?”

அதிகாரி மறுபடியும் ‘வீ’ என்றார். பாவம், அவரிடம் இருந்தது ஒரே ‘வீ’. ஜெர்மன்காரர்களிடமும் ஒரே ‘வியர்’. இரண்டு யாரிடம் இருக்கிறது? பின்வரிசையில் யாரோ சொல்கிறீர்கள், உரக்கச் சொல்லுங்கள். ஆம், நம்மிடம் இருக்கிறது! ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் உங்களுக்கும் இலை உண்டு. ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் நீங்கள் செருப்பைத் தேடலாம். ‘நாம பாத்திரம் கழுவணும்’ என்று நான் வீட்டில் சொன்னால் மட்டும் அதற்கு ‘நீ’ என்று பொருள். அதோ, என் கணவர் சுதீர் தலையாட்டுகிறார்.

அந்தக் கேமராவில் அவர் எடுத்த ஆவணப்படத்துக்குத்தான் நம் சங்கம் திரைக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகள் எழுதியது. அனிஷினாபே மொழி தெரியாததால் ஜெர்மன் வரிகளைப் பார்த்தே எழுதினோம். கடைசிக் காட்சியில் டெல்மா ஏரிக்கரையில் நின்று, திரையிலிருந்து நேராகப் பார்த்து, இந்தத் தண்ணீரைக் காப்போம் என்கிறார். ஜெர்மனில் ‘வியர்’. யாழ்ப்பாணத்து அன்ரனிற்றா அக்கா ‘நாங்கள் காப்போம்’ என்று எழுதினார். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஸ்ரீநிதிக்கு முகம் வாடிவிட்டது.

“நாங்கள்னா, அப்போ நம்மள அவங்க சேர்த்துக்கலையா?”

“பிள்ளை, எங்கடை பேச்சிலை நாங்கள் எண்டால் எல்லாரும்தான். நீங்களும்தான்.”

பற்றிக்கொண்டது சண்டை! டீ ஆறியது. தலைவர் இரண்டு பக்கமும் பொதுவாகத் தலையாட்டினார். ஆனால் டெல்மா சொன்னது எது? அந்த வாக்கியத்துக்குள் நமக்கு இடம் உண்டா, இல்லையா? அவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். புண்படுத்திவிட்டோமோ என்று பயந்துபோனேன். பிறகு சொன்னார், படம் எத்தனையோ ஊர்களில் ஓடியும் இதைக் கேட்டவர்கள் நீங்கள் மட்டும்தான் என்று.

“நான் சொன்னது உங்களையும் சேர்த்துத்தான்.”

உங்களையும் சேர்த்து! அன்றே அந்த வரியை ‘நாம்’ என்று திருத்தினோம்.

ஆனால் அன்பர்களே, நம்மைப் பந்தியில் சேர்த்தால் போதுமா, நாமும் பரிமாற வேண்டாமா? அந்தக் கழிவுக் குழாய்க்கு இறுதி விசாரணை அடுத்த மாதம். உள்ளூர்க்காரர்களைத் தவிர இந்த ஏரியைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் கவலை இல்லை என்கிறது ஆலை. அதற்குப் பதில் சேகரிக்கத்தான் டெல்மா ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக வருகிறார். விசாரணை நாளன்று காலையில், பனிக்கட்டி மெலிந்த சேதியைச் சொன்ன அதே வானொலியில் அந்தக் குரல்கள் ஒலிக்கப்போகின்றன. மற்ற ஊர்கள் ‘வியர்’ அனுப்பட்டும், ‘வீ’ அனுப்பட்டும். எது என்று எந்த அதிகாரியும் மழுப்ப முடியாத சொல்லை அனுப்ப நம்மால் முடியும்!

அன்ரனிற்றா அக்கா கை தூக்குகிறார். சொல்லுங்கள் அக்கா. தன் வாயில் ‘நாம்’ என்று வராதாம், ஆனாலும் இண்டைக்குச் சொல்லுறன் என்கிறார். தட்டுங்கள் கையை!

நன்றி சொல்ல வேண்டும். டெல்மா அவர்களே, உங்களுக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம். இதற்கு மட்டும் அந்தப் பிரிக்கும் சொல் தேவைப்பட்டது. இனித் தேவையில்லை. பொறுத்திருந்து கேட்ட அனைவருக்கும் என் வணக்கம். எல்லோரும் எழுந்திருங்கள், சுண்டலைக் கீழே வையுங்கள். இதோ, டெல்மா மைக்கை நீட்டிவிட்டார். கடலுக்கு அப்பால் கேட்கும்படி சொல்லுங்கள்.

இந்தத் தண்ணீரைக் காக்கப்போவது யார்?