கடைசிப் பத்தி

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. என்னுடையது மூன்றாவது வரியிலேயே மூச்சு வாங்கும். இரண்டு தாள் போதுமா என்று கேட்டீர்கள். போதாது என்றதும் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பாரம் தூக்குகிறவன் என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார். அவர்மேல் தப்பில்லை. நான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததே நாற்பத்தேழு வயதில். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எனக்கு வளைந்தது. முதுகு முன்பே வளைந்திருந்ததால் வசதியாகப் போயிற்று.

நிகழ்ச்சி அரங்கில் ஏற்றி இறக்குவது என் வேலை. லாரியிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்குவோம், மேடையை மாட்டுவோம், எல்லாம் முடிந்ததும் கழற்றி ஏற்றிவிடுவோம். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பாட்டுக் குழுக்கள் வந்து போய்விட்டன. எல்லாருடைய பெட்டியும் தோளை அழுத்தத்தான் செய்தது. ‘தகரக் குருவிகள்’ குழுவின் பெட்டிகள் மட்டும் எனக்குக் கனத்ததில்லை.

குழுவில் நான்கு பேர். பாடுகிறவரை எல்லாரும் அக்கா என்பார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நானும் அக்கா என்றுதான் சொல்வேன். கிட்டார் வாசிப்பவர் குச்சி. கீபோர்டுக்காரருக்குப் பட்டப்பெயர் புலி. ஒரு நாளும் கடித்ததில்லை, உறுமுவதோடு சரி. டிரம்ஸ் வாசிப்பவர் இடி. பேருக்குத்தான் இடி, ஆள் நூல் மாதிரி இருப்பார். மூக்குக்கண்ணாடி வழுக்காமல் இருக்கக் கயிறு கட்டியிருப்பார். நான்கு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவர்களுக்கு ஒரு ரசிகர் இதழ் உண்டு. பெயர் ‘குருவிக்கூடு’. மாதம் ஒரு முறை, முந்நூறு பிரதி. அரங்குக்கு எதிரே இருக்கிற தையல்காரர்தான் ஆசிரியர். சட்டைக்குக் காலர் வெட்டுகிற மேசையிலேயே இதழையும் மடித்துத் தைப்பார். ஒரு நாள் நான் அவர் கடை வாசலில் உட்கார்ந்து இதழை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசுக்குள் படிக்க அப்போது வராது.

“இவ்வளவு ஆசையா படிக்கிறீங்களே, மேடைக்குப் பின்னாடி நடக்கிறதை எழுதித் தாங்களேன்” என்றார்.

அப்படித்தான் நான் நிருபர் ஆனேன். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். “நிருபரே, அந்த முனையைப் பிடிங்க. பார்த்து, விரல் நசுங்கினா நாட்டுக்கே நஷ்டம்” என்பான் கம்பி. கம்பி எங்கள் கூட்டத்தில் நெட்டையானவன். நீங்கள் ஒன்பது நாளாக உள்ளே வைத்திருப்பது அவனைத்தான்.

என் முதல் கட்டுரையில் ஒரு பிழை நேர்ந்தது. குச்சியும் இடியும் அண்ணன் தம்பி என்று எழுதிவிட்டேன். அவர்கள் மச்சான்கள். அடுத்த இதழில் தையல்காரர் கட்டம் கட்டித் திருத்தம் போட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னால் ஒரு பெட்டியைக்கூட நிம்மதியாகத் தூக்க முடியவில்லை. “நிருபரே, இது ஸ்பீக்கர்தானா? இல்ல, அடுத்த மாசம் திருத்தம் வருமா?” வீட்டுக்குப் போனால் மனைவி. “இன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தது உறுதியா, இல்ல சரிபார்த்துச் சொல்றீங்களா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பிழை வந்தால் அது கைத்தவறுதல். எனக்கு வந்தால் அது நான் யார் என்பதற்குச் சாட்சி. இது உங்களுக்குப் புரியாது, ஐயா. நீங்கள் சின்ன வயதிலேயே படித்தவர்.

குழுவுக்கு இருபது வருடம் ஆனபோது தையல்காரர் என்னிடம் நான்கு பக்கம் கொடுத்தார். சிறப்புக் கட்டுரை. எனக்கு ஒரு பக்கம் எழுத ஒரு மாதம் ஆகும். பென்சிலில் எழுதுவேன், அழிப்பேன், பிறகு பேனாவில் எழுதுவேன். நான்கு பேரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினேன். அக்கா ஒரு வாக்கியம் சொன்னார்: “நாலு பேர்ல ஒருத்தர் இல்லேன்னாக்கூட இது குருவிகள் இல்லண்ணே. அன்னைக்கே கடையைச் சாத்திடுவேன்.” அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு புலியைப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. “எழுதிக்கோங்க. இருபதாம் வருஷ நிகழ்ச்சிதான் கடைசி. அதோட முடிஞ்சுது” என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது.

தையல்காரர் ஒரு யோசனை சொன்னார். “நிகழ்ச்சி முடிஞ்சு வெளியே போறப்பதான் இதழைக் கையில கொடுப்போம். அதனால கடைசிப் பத்தியை நடந்து முடிஞ்ச மாதிரியே எழுதிடுங்க.” எங்கள் இதழில் அது வழக்கம்தான். கைதட்டலைக்கூட முன்கூட்டியே எழுதிவிடுவோம், தட்டாமல் போனதில்லை.

கடைசிப் பத்திக்கு மட்டும் எனக்கு நான்கு வாரம் பிடித்தது. மனப்பாடமாகத் தெரியும், எழுதிவிடுகிறேன்:

‘அந்த மாலையோடு குருவிகள் பாடுவதை நிறுத்தின. மேடையைக் கழற்றியவர்களில் நானும் ஒருவன். பலகைகளில் சூடு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்த நால்வரும் எந்தப் பலகையின் மேலும் சேர்ந்து நிற்கவில்லை.’

மனைவியிடம் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடம் போனவள், வேகமாகப் படிப்பாள். இதை மெதுவாகப் படித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களா எழுதினது?” என்றாள். முப்பது வருடத்தில் என்னைப் பார்த்து அப்படி ஒரு குரலில் அவள் எதுவும் கேட்டதில்லை. அன்று தேநீர் டம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள், ஐயா. வழக்கமாக அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள்.

நிகழ்ச்சி நாள். முந்நூறு பிரதியும் மடித்துத் தைத்துத் தயார். மத்தியானம் மேடையை மாட்டி முடித்தோம். குழுவினர் ஒலி சரிபார்க்க வந்தார்கள். நான் அக்காவிடம் போய், இருபது வருடத்துக்கு நன்றி, கடைசி நிகழ்ச்சியில் வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்கிறேன் என்றேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம்.

“கடைசியா? யாருண்ணே சொன்னது?”

நான் புலியைக் காட்டினேன்.

“இவனா? சண்டை வந்தா இவன் மாசத்துக்கு ரெண்டு தடவை குழுவைக் கலைப்பான். அதையெல்லாம் எழுதினா உங்க பேனா தாங்குமா?”

புலி தலையைச் சொறிந்தார். “அன்னைக்குக் கொஞ்சம் சூடா இருந்தேண்ணே.”

இடி மேலே டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “நிறுத்திட்டு என்ன பண்றதுண்ணே? வீட்ல இருந்தா என் பொண்டாட்டி என்னைப் பாத்திரம் தேய்க்க விட்டுருவா. நான் சாகிற வரைக்கும் தட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டு ஊர் என்றார் குச்சி. மகிழ்ச்சியான செய்திதான். ஒரு ரசிகனாக நானும் மகிழ்ந்தேன் என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

தையல்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. “கடைசிப் பத்தி மேல வெள்ளைச் சீட்டு ஒட்டிடலாம். நான் வெட்டித் தர்றேன், நீங்க பசை தடவுங்க. அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டா முடிஞ்சுது.” கத்தரிக்கோலை எடுத்து முந்நூறு சீட்டு வெட்ட அவருக்கு அரை மணிகூட ஆகவில்லை. துணி வெட்டுகிற கை. நான் சீட்டையும் பசையையும் வாங்கிக்கொண்டு, பெட்டிகள் வைக்கிற அறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு சீட்டை எடுத்துப் பத்தியின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக மூடியது. அங்கே ஒன்றும் எழுதியிராத மாதிரி இருந்தது. நாற்பத்தேழு வயது வரைக்கும் எந்தத் தாளைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தெரியும்.

நான் நிதானமாக யோசித்தேன். ஒரு கட்டுரையும் ஒரு குழுவும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். கட்டுரையைத் திருத்தினால் முந்நூறு பிரதியையும் திருத்த வேண்டும். குழுவைத் திருத்த ஒரு ஆள் போதும் என்று அக்காவே சொல்லியிருந்தார்.

அக்காவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. குச்சியும் புலியும் மேடைத் தரையில் நிற்பவர்கள், அங்கிருந்து யாரும் விழுவதில்லை. இடிக்கு மட்டும்தான் மேடையின் பின் விளிம்பில், மேடைக்கு மேல் ஒரு குட்டி மேடை. நாலரை அடி உயரம், ஆறு கால்கள். ஒவ்வொரு காலும் மடங்காமல் இருக்க ஆணி மாதிரி ஒரு இரும்புப் பின். பின்னால் சிமெண்டுத் தரை. நாங்கள் மாட்டியதைச் சரிபார்ப்பது கம்பியின் பொறுப்பு. அவன் கடைசியாக ஒரு தடவை ஆறு பின்னையும் தட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் கல்லு மாதிரி இருக்கு நிருபரே, இதையும் எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். அதற்குப் பிறகுதான் நான் பின்பக்கக் கால்களின் இரண்டு பின்னையும் எடுத்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அவன் வேலை சுத்தம்.

மூன்று பாட்டு வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அது தெரியும். நான்காவது பாட்டின் முடிவில்தான் இடி எழுந்து, உடம்பைப் பின்னுக்கு வளைத்து, பெரிய வெண்கலத் தட்டை ஓங்கி அடிப்பார். இருபது வருடம் பார்த்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? அடித்தார். அந்தச் சத்தம் அன்று மிக நன்றாக இருந்தது. அது அடங்குவதற்கு முன்பே அவர் அங்கே இல்லை.

வாசலில் நின்று முந்நூறு பிரதியையும் நானே கொடுத்தேன். சீட்டு ஒட்டவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எழுதினபடியே நடந்துடுச்சே. உங்களுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?”

“எழுதறவனுக்குக் கொஞ்சம் தெரியும்” என்றேன்.

இடி சாகவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, பேச்சும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா சொன்ன சொல் தவறவில்லை, குழுவை மூடிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு இடியைப் பார்க்கப் போகிறேன். அவர் மனைவி நல்லவர். “வாங்கண்ணே. ஆரம்பத்துல வீடு கொள்ளாத கூட்டம். இப்ப நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க” என்று நாற்காலி போடுவார். நான் கட்டுரையை முழுதாக வாசித்துக் காட்டுவேன். கடைசிப் பத்தி வரும்போது இடியின் கண்ணில் தண்ணீர் வழியும். துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. நான்தான் துடைத்துவிடுவேன். என் எழுத்துக்கு அழுத இரண்டாவது ஆள் அவர்.

இவ்வளவு நாள் சும்மா இருந்தவன் இன்று ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். போன வாரம் கம்பியைப் பிடித்ததாகத் தினசரியில் செய்தி வந்ததே, அதனால்தான். கம்பி வெளியே வருவது நல்ல விஷயம். அவன் மனைவி என் வீட்டில் வந்து அழுதுவிட்டுப் போனாள். ஆனால் நான் வந்தது செய்திக்காக. அதில் மூன்று பிழை. இடியின் வயதைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது பாட்டு என்று போட்டிருக்கிறார்கள், நடந்தது நான்காவதில். மூன்றாவது பிழையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘கூலியாட்களின் கவனக்குறைவு.’ கவனக்குறைவு எங்கே இருந்தது, ஐயா? அவ்வளவு கவனமாக நான் எந்த மேடையிலும் வேலை செய்ததில்லை. இரண்டு பின்னும் இதோ, மேசைமேல் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுத் திருத்தம் போடச் சொல்லுங்கள். கட்டம் கட்டிப் போடட்டும்.

என் கட்டுரையிலும் குற்றம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பீர்கள். பாருங்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. மற்றவர்கள் மாதிரி நானும் நடந்ததைத்தான் எழுதினேன். கொஞ்சம் முன்னாலேயே எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.