மாப்ளையோட ஒம்பதாம் நம்பர் ஷூ

உக்கார வேண்டாம் அண்ணாச்சி, நின்னுக்கிட்டே சொல்லிடுதேன். நீங்கதான ஓனரு? கல்லாவுல நிக்கிற அந்தப் பிள்ளைக்குக் கேக்காதுல்ல? சரி, செத்த மெதுவாவே பேசுவோம்.

இன்னைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு எங்க மாப்ளை இங்க வருவாவ. சேதுபதின்னு பேரு, ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி கம்பெனியில சூப்பர்வைசர். எம் மகளும் அவியளும் எங்க வீட்டு மாடியிலதான் இருக்காவ. உங்ககிட்ட வாங்குன ஓடுற ஷூவ பையில போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்காவ. சண்டைக்குத்தான், வேற எதுக்கு? எழுநூறு கிலோமீட்டர் தாங்கும்னு சொன்னீயளாம்லா? அவிய ஓடுற கணக்கு போன்லயே ஏறிரும். முந்நூத்திப் பன்னெண்டுதான் காட்டுது. அதுக்குள்ள தேஞ்சிருச்சு, ஏமாத்திட்டாங்கன்னு குதிக்காவ. உங்க கடைக்கு ஒத்த நட்சத்திரம் போடுவாவளாம்.

தேஞ்சது நெசந்தான். நேத்து அந்த ஷூவ சாப்பாட்டு மேசையில தூக்கி வச்சிட்டாவ, சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்துல. எங்க வீட்டம்மா ஆனந்தவல்லி போட்ட கூப்பாட்டுல எதுத்த வீட்டுக் கதவு திறந்துட்டு. மாப்ளை அசையலயே! அத்தை, குனிஞ்சு பாருங்க, ரெண்டு குதியும் வெளிப்பக்கமா சாயுதுல்லங்காவ. சாயத்தான் செய்யுது. அடியில இருந்த கோடெல்லாம் அழிஞ்சு வழுவழுன்னு ஆயிட்டு. கட்டைவெரல வச்சு அமுக்குனா மெத்தை அமுங்க மாட்டேங்கு. காலையில எந்திரிச்சா முழங்கால் சுருக்குன்னு குத்துது அண்ணாச்சி. மாப்ளைக்கு. மாப்ளைக்குத்தான் சொன்னேன்.

இதுல அவியளுக்கு ஒரு சந்தேகம் வேற. என் பழைய ஷூவெல்லாம் உள்பக்கம்தான தேஞ்சுது, இது எப்படி வெளிப்பக்கம் தேயும்னு தலையச் சொறியுதாவ. அது மட்டுமா? அவிய ஓடாத ஞாயித்துக்கிழமையும் ஷூவுக்குள்ள கைய விட்டா சூடா இருக்காம். வெயில்ல கிடந்தா சூடாத்தான இருக்கும்னேன். நிழல்லதான மாமா கிடக்குன்னாவ. நான் பேப்பரத் திருப்பிக்கிட்டேன்.

ஆனா ஷூ மேல குத்தம் இல்ல, உங்க மேலயும் இல்ல. அருமையான சாமான். மில்லுல பஞ்சு மூட்டை மேல நடந்த மாதிரி இருக்கும். இருக்குமாம். மாப்ளை சொல்லக் கேட்டேன். முப்பத்திரெண்டு வருசம் மில்லுல நூல் கோன் எண்ணுனவன் அண்ணாச்சி நான். கணக்குல ஒண்ணு பிசகுனா எனக்குச் சோறு எறங்காது. நாலு பேருக்கு முன்னால ஒரு நல்ல ஷூவ மட்டம்னு சொன்னா எப்படிப் பொறுக்கும், சொல்லுங்க.

நானா? தினம் இங்க வாரவந்தான். மாப்ளை வேலைக்குப் போன பொறவு, ஞாயித்துக்கிழமைன்னா அவிய தூங்கயில, ஏழரை பஸ்ஸ புடிப்பேன். ஆண்டாள் கோவிலுக்குத்தான். ரத வீதியில நாளுக்கு நாலு கிலோமீட்டர் கணக்கா சுத்திட்டு, துளசி வாங்கிட்டுப் போவேன். தொண்ணூத்தேழு நாளாச்சு. மனுசனுக்கு அறுபத்தாறு வயசுல பக்தி வந்துட்டுன்னு வீட்டம்மா சொந்தக்காரவிய எல்லாருக்கும் போன் போட்டுட்டா. சுத்தபத்தமாத்தான் இருக்கேன். துளசி ஒரு பையில, மத்தது வேற பையில. மத்ததுன்னா... துண்டு, தண்ணி பாட்டில்.

தலையில துண்டப் போட்டுக்கிட்டு மூச்சு வாங்கப் போறவரான்னா கேக்கீய? உங்க கடை வாசல்ல இருந்து பாத்திருக்கீயளா? எம்புட்டு நாளா? அடப்பாவமே.

சரி, காதக் குடுங்க. மாப்ளை மொத நாளு ஓடக் கிளம்புனப்ப, ஏன் மாப்ளை, நாய் தொரத்துதான்னு தெருவே கேக்கக் கேட்டவன் நான். யாரு விருந்துக்கு வந்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பேன். கொழுந்தியா வீட்டுக் கல்யாணத்துல நடிச்சே காட்டிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாயத் திறக்க? சாயந்திரம் அவிய வந்தா ஒரு புது ஜோடியக் குடுத்து அனுப்பிருங்க. அதுக்கு உண்டான ரூவாய நான் இப்பவே தந்துடுதேன். மட்டச் சரக்குன்னு மட்டும் ஒத்துக்கிடாதீய, அது பாவம். போன் கணக்கு பிசகும்னு சொல்லுங்க.

பொறவு, அதே ஷூவுல இன்னொரு ஜோடி எடுங்க. எனக்குத்தான். கலரு மட்டும் வேறயா இருக்கட்டும். ஒம்பதாம் நம்பரு. சே, போட்டுப் பாக்கல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சொன்ன எழுநூறுல அவிய முந்நூத்திப் பன்னெண்டு போக, மிச்சம் முந்நூத்தி எம்பத்தெட்டு கிலோமீட்டரும் நான் போட்டுப் பாத்ததுதான.