கடல் ஊருக்குள் வரும் என்று எழுதியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, தலைநகரிலிருந்து வந்திருக்கும் மேலதிகாரிகளே, உங்களுக்கு என் மரியாதை. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பலாங்கிதன் கரை மக்களே, உங்களுக்கு வணக்கம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நான் கிரினோ எஸ்பாஞ்சோ. குன்றின் மேலிருக்கும் வானிலை நிலையத்தின் பொறுப்பாளன். நம்மைவிட்டுப் போன லுதிவினா கபோர்னஸ் அம்மையார் பத்தொன்பது ஆண்டுகள் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். எனக்குக் கீழே என்று சொல்லும்போதே நாக்கு கூசுகிறது.

இந்த ஊரில் எல்லோருக்கும் அவர் மானா தீவினா. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்ற பொருளில் மானா என்றுதான் கூப்பிட்டார்கள். மழைமானியைப் பார்த்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் அவர் வேலை முடிந்தது. ஆனால் என்றைக்காவது அவர் நேரே வீட்டுக்குப் போயிருக்கிறாரா? மீன் சந்தைக்குப் போவார். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, விசிறியால் ஓங்கி வீசி, தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி வழிவதைக் காட்டுவார். நம் விரிகுடா உள்ளே வரவரக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது, பெரும்புயல் தள்ளும் தண்ணீருக்கு ஊருக்குள் வருவதைத் தவிர வேறு வழியில்லை என்பார்.

நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். அதோ நிற்கிறாரே படகோட்டி பெலிசிமோ, அவர் அன்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"காத்துல ஓடு பறக்கும், மானா. கடலுமா பறக்கும்?"

"பறக்காது. நடந்து வரும். உன் வீட்டுக் கதவைத் தட்டிட்டு வராது."

அதற்கும் சிரித்தோம்.

நவம்பரில் அந்தப் புயல் கிளம்பியது. புதன்கிழமை மேலிடத்திலிருந்து அறிக்கை வந்தது. அதில் காற்றின் வேகம் இருந்தது, மழையின் அளவு இருந்தது. கடைசி வரியில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. மானா தீவினா அவற்றை அடித்துவிட்டு நம் மொழியில் எழுதினார்: கடல் தென்னை மர உயரத்துக்கு எழுந்து ஊருக்குள் வரும், கரையோரம் ஒருவரும் இருக்கக் கூடாது, கூடைப்பந்துக் கூடத்திலும் இருக்கக் கூடாது. எழுதி என் மேசையில் வைத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் எழுதியதை அழித்துவிட்டு, அவர் அடித்ததை மறுபடி எழுதினேன். பழைய இரண்டு சொற்களையே வைத்தேன்.

"மேலேருந்து வந்த வார்த்தைய மாத்த நாம யாரு, தீவினா? நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கேக்குறதுக்கு ஆள் உசிரோட இருந்தா சரி."

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நகராட்சி வண்டி அந்த இரண்டு சொற்களை ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. கரை மக்கள் சொன்னபடி கேட்டார்கள். ஆம், கேட்டார்கள். காற்றுக்குப் பயந்து, கான்கிரீட் கூரை இருக்கிறதே என்று கூடைப்பந்துக் கூடத்துக்குப் போனார்கள். கடலிலிருந்து அது இருநூறு அடி.

மானா நகரத் தலைவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். பீதி கிளப்ப வேண்டாம் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை மாலைக்குள் அவரே பலாங்கிதனுக்குப் போய், வீடு வீடாக நின்று, கெஞ்சி, திட்டி, பதினோரு குடும்பங்களைக் கல்குவாரி மேட்டுக்கு ஏற்றினார். பெலிசிமோ குடும்பம் அதில் ஒன்று. இருட்டிய பிறகு மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடல் வந்தது. கூடத்தில் நூற்று முப்பத்தொரு பேர் செத்தார்கள்.

அது இயற்கையின் சீற்றம் என்று சற்று முன் இந்த மேடையில் சொன்னார்கள். காற்று இயற்கைதான். கடல் இயற்கைதான். என் கையெழுத்துமா இயற்கை?

தண்ணீர் வடிந்த மறுநாளே மானா கிளம்பினார். பதினேழு நாள் சேற்றில் நடந்து, சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கறையின் உயரத்தை அளந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டார்: அறிக்கையில் என்ன கேட்டீர்கள், அதை என்னவென்று நினைத்தீர்கள்? தொண்ணூற்று நான்கு பேர் பதில் சொன்னார்கள். பலத்த காற்று என்று நினைத்தவர்கள் உண்டு. புயலின் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு. இரண்டு மகள்களைப் பறிகொடுத்த மீன்காரி ரொசெந்தா சொன்ன பதிலை அவரிடமே அனுமதி வாங்கிக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன்.

"சர்ஜுன்னா கரண்டு கூடிக் கொறையிறதுன்னு நெனச்சேன், மானா. டிவி கெட்டுப்போவும்னு வயரைப் பிடுங்கிட்டு, புள்ளைங்களக் கூட்டிட்டுக் கூடத்துக்குப் போயிட்டேன்."

அன்று நிலையத்துக்குத் திரும்பிய மானா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணு சொன்னதை நீங்களே உங்க கையால எழுதுங்க சார்," என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

சேற்றில் நடந்தபோது தகரம் கிழித்து மானாவின் காலில் காயம். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் போடச் சொல்லி ஊரெல்லாம் வற்புறுத்தியவர், தன் மாத்திரையை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டார். காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போய்விட்டார். அவர் கணவர் அர்செனியோ என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அவளை வீராங்கனை என்று சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொல்லிவிட்டால் அவள் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அதனால் நான் சொல்லவில்லை. மேடையில் இருப்பவர்கள் அவருக்குப் பதக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லது. உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுத அனுமதி கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று அறிக்கை தயாராக இருக்கிறது. அதில் நான் கையெழுத்திட வேண்டுமாம். இட மாட்டேன். தொண்ணூற்று நான்கு பதில்களையும், மானா எழுதி நான் அழித்த தாளையும் கொண்டுபோய்க் குழுவின் முன் வைப்பேன். வேலை போனால் போகட்டும்.

நிலையப் பொறுப்பாளர் நாற்காலியில் நான் இருந்தாலும் சரி, வேறு யார் இருந்தாலும் சரி, அறிக்கை எதுவும் வெளியே போகுமுன் மீன் சந்தையில் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்குப் புரியாத சொல் போகக் கூடாது. நீங்கள் எல்லோரும் என்னோடு நின்று இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நேற்று ரொசெந்தா வீட்டு வாசலில் நின்று, முதலில் படிக்கும் ஆளாக நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"இப்போ எனக்குப் புரிஞ்சு என்ன ஆவப்போவுது, சார்?" என்றார். மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "எழுதி எடுத்துட்டு வாங்க. படிக்கிறேன்."